கடைசி வரிசையில் ஒரு நாற்காலி

— இருபத்திரெண்டு படி. மேல இருந்து பதினொண்ணு, அப்புறம் திருப்பம். அங்க ஒரு ஸ்டூல் போட்டுடுங்க. உக்காந்து அஞ்சு நிமிஷம். மிச்சம் பதினொண்ணு. அவ்வளவுதான், கீழ வந்துட்டேன்.

— வந்துட்டே. இறங்கறதுக்கு என்ன டீச்சர், யார் வேணா இறங்கலாம். திரும்பி மேல ஏறணுமே, அதை யோசிச்சியா?

— ஏறறதுக்கு மூணு ஸ்டூல்.

— நம்ம வீட்ல இருக்கறதே மூணுதான். குளிக்கற இடத்துல ஒண்ணு, அடுப்பு பக்கத்துல ஒண்ணு, பல் தேய்க்கற இடத்துல ஒண்ணு. இந்தத் தெருவுலயே உக்காந்து பல் தேய்க்கற ஒரே ஆளு நீதான்.

— அந்த மூணையும் தூக்கிப் படியில போடுங்க. நாளைக்கு ஒரு நாள் நான் அடுப்பு பக்கமே போகப்போறதில்ல. உங்க டிப்போ மெக்கானிக் அவர் காரைக் குடுக்கறேன்னு சொல்லிட்டாரா இல்லையா?

— சொல்லிட்டான். சாவி கூட குடுத்துட்டான். அதுல ஒண்ணும் பிரச்சினை இல்ல. பிரச்சினை நீதான். போன தடவை ஆராதனைக்குப் போயிட்டு வந்து மூணு மாசம் இந்த ஜன்னல் திறக்கல. ஸ்பூன் கீழ விழுந்தா உனக்குக் காதுல ஆணி அடிச்ச மாதிரி இருந்துச்சு. மறந்துட்டியா?

— மறக்கல. போன தடவை யார் யாரோ சொன்ன பேச்சைக் கேட்டு நடந்தேன். இந்தத் தடவை என் உடம்பு பேச்சைக் கேட்டு நடக்கறேன். இருங்க, மூச்சு வாங்கிக்கறேன்.

— வாங்கிக்கோ. மெதுவா. டைமர்ல இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. உக்காந்தது போதும்னா இப்பவே படுத்துக்கோ.

— வேண்டாம். கேளுங்க. இதுக்காகப் பத்தொன்பது நாளா தயார் பண்றேன். தலைமுடி வியாழக்கிழமையே அலசியாச்சு. புடவை எடுத்து வெச்சாச்சு, இருக்கறதுலயே கனம் குறைஞ்சது. காதுல வைக்கப் பஞ்சு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. நேத்து ஒண்ணுமே செய்யல. இன்னிக்கும் ஒண்ணுமே செய்யல. ஒண்ணுமே செய்யாம இருக்கறது எவ்வளவு பெரிய வேலைன்னு உங்களுக்குத் தெரியாது.

— தெரியும்மா. பக்கத்துல உக்காந்து பாத்துட்டுத்தானே இருக்கேன்.

— நாளைக்குப் பாதி ஆராதனைதான். மொத்தம் நாப்பது நிமிஷம். கடைசி வரிசை, கதவுக்குப் பக்கத்து நாற்காலி. எல்லாரும் நிக்கும்போது நான் நிக்கமாட்டேன். பாடவும் மாட்டேன். சும்மா உக்காந்திருப்பேன்.

— பாடமாட்டியா? நீயா?

— மாட்டேன். ஆனா பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கொயர்ல எல்லாரும் ஒண்ணா மூச்சு இழுப்பாங்களே, அந்தச் சத்தம். அது வேணும் எனக்கு. பாட்டை போன்ல கேக்கலாம், ஜெபத்தை இங்க படுத்துக்கிட்டே பண்ணலாம். அந்த மூச்சுச் சத்தம் மட்டும் எங்க தேடினாலும் கிடைக்கல. கொயரை விட்டு மூணரை வருஷமாச்சு, காது இன்னும் அதுக்கு ஏங்குது. உங்களுக்கு இது பைத்தியக்காரத்தனமா இருக்கும்.

— இல்ல. பைத்தியக்காரத்தனம்னு நான் சொல்லல.

— அப்புறம் பாஸ்டர் ஐயாவைப் பாக்கணும். பாத்து இந்தக் கடுதாசியைக் கையில குடுக்கணும்.

— எந்தக் கடுதாசி?

— தலையணைக்கு அடியில இருந்து எடுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு வரி. அதுக்கு மேல எழுதினா விரல் நடுங்கும். நீங்க டூட்டிக்குப் போனதுக்கப்புறம் எழுதினது.

— ரெண்டு வரி ரெண்டு வரியா நாலு பக்கமா?

— நன்றி சொல்ல நிறைய இருந்துச்சு. படிங்க. சத்தமா வேண்டாம், உங்க ஞாயித்துக்கிழமைக் குரல்ல படிங்க.

— ‘மரியாதைக்குரிய பாஸ்டர் ஐயா அவர்களுக்கு. தங்கள் சபைக் கொயரில் பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ பாடிக்கொண்டிருந்தவள் எழுதுவது. நான் வர முடியாவிட்டாலும் தங்கள் பிரசங்கம் ஒன்றுகூட எனக்குத் தவறியதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் என் கணவர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எனக்குத் தாங்குகிற அளவில், பத்தே நிமிடத்தில் சொல்லிவிடுவார்.’ டீச்சர், இதெல்லாம் எதுக்கு?

— மேல படிங்க.

— ‘செடியின் நிழலில் படுத்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொன்ன தீர்க்கதரிசியைப் பற்றி முதலில் பேசினீர்கள். ஆண்டவர் அவரைத் திட்டவில்லை. எழுந்து வேலையைப் பார் என்று சொல்லவில்லை. ரொட்டியும் தண்ணீரும் கொடுத்துத் திரும்பத் தூங்கவிட்டார். மறுபடி எழுப்பி, மறுபடி சாப்பிடக் கொடுத்தார். தூரம் அதிகம், உன்னால் இப்போது முடியாது என்று அவரே சொன்னார். படுத்திருப்பது பாவம் இல்லை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதுவரை படுத்திருக்கும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.’

— ஏன் நிறுத்திட்டீங்க?

— பக்கம் முடிஞ்சுது.

— அடுத்த பக்கம்.

— ‘டேங்கில் பாதி இருக்கும்போதே வண்டியை ஓரம் கட்டுகிறவன்தான் நல்ல டிரைவர் என்று ஒரு பிரசங்கத்தில் சொன்னீர்கள். டேங்க் காலியாகும்வரை ஓட்டிவிட்டு நடுரோட்டில் ஆண்டவரைக் கூப்பிடுவது விசுவாசம் இல்லை என்றும் சொன்னீர்கள். அந்த வாரம்தான் நான் சமையலறையில் இருந்த டைமரைப் படுக்கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். களைப்பு வருவதற்கு முன்னாலேயே படுக்கக் கற்றுக்கொண்டேன்.’

— அந்தப் பிரசங்கம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆனா ஒண்ணு சொல்லணும், பாஸ்டருக்கு பஸ்ஸுன்னா உயிர் போல. கிளட்ச்சு, ரேடியேட்டர், பஞ்சர். கூட்டத்துல நுழைஞ்சு, நோய் தீர ஆண்டவரோட வஸ்திரத்தைத் தொட்ட அந்தப் பொம்பளைக் கதையிலயும் பஸ்ஸைக் கொண்டு வந்துட்டாரே.

— அது... கூட்டம்னு சொல்ல வந்தாரு.

— அவ்வளவு பேர் இடிச்சுத் தள்ளி ஏறும்போதும் ஒரு ஆளோட விரல் பட்டது மட்டும் அவருக்குத் தனியாத் தெரிஞ்சுதுன்னு. சிரிச்சேன், அப்புறம் அழுதேன். யாரும் தொடாத உடம்பு மாதிரி இருந்துச்சு எனக்கு அப்ப.

— டீச்சர், நான் ஒண்ணு சொல்லட்டா? கடுதாசி நல்லா இருக்கு. ஆனா பாஸ்டருக்கு வேலை ஜாஸ்தி. நாலு பக்கம் படிக்க அவருக்கு நேரம் இருக்காது. வாயால ஒரு நன்றி சொன்னா போதும். அதையும் நானே சொல்லிடறேன். நீ எதுக்கு இதுக்காக இருபத்திரெண்டு படி?

— போன ஞாயித்துக்கிழமை எப்படி இருந்தாரு?

— யாரு?

— பாஸ்டர்.

— நல்லா இருந்தாரு. கொஞ்சம் இருமல். நடுநடுவுல தண்ணி குடிச்சாரு.

— புதுக் கண்ணாடி போட்டிருக்கார்னு சொன்னீங்களே, ரெண்டு மாசம் முன்னாடி.

— ஆமா, அதேதான். கறுப்பு ஃபிரேம்.

— உங்களைப் பாத்துப் பேசினாரா?

— வாசல்ல நின்னு கை குடுத்தாரு. சிஸ்டர் எப்படி இருக்காங்கன்னு கேட்டாரு. இருக்காங்கன்னேன். எதுக்கு இத்தனை கேள்வி? வகுப்புல நிக்க வெச்சுக் கேக்கற மாதிரி இருக்கு.

— ஏன்னா அவர் மாற்றலாகிப் போய் ஒன்பது மாசம் ஆச்சு.

— இரு, ஜன்னலைச் சாத்திட்டு வரேன்.

— உக்காருங்க. எழுந்து ஜன்னல்கிட்ட போகாதீங்க. இங்க உக்காருங்க.

— யார் சொன்னா?

— வியாழக்கிழமை நம்ம சபையில கீபோர்டு வாசிக்கற அக்காவுக்கு போன் பண்ணேன். ரெண்டே நிமிஷம். கதவுக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி வெச்சிடுங்கக்கான்னு கேக்கறதுக்காக. அவங்க சந்தோஷத்துல அழுதுட்டாங்க. புது பாஸ்டர் ரொம்பச் சின்ன வயசு, பாத்தா உனக்குப் பிடிக்கும்னாங்க. அப்புறம், உங்க ரெண்டு பேரையும் பாத்து எவ்வளவு நாளாச்சுன்னாங்க. ரெண்டு பேரையும்.

— நீ என்ன சொன்னே?

— ஆமாக்கான்னு சொன்னேன். புது பாஸ்டர் வந்தது தெரியும்னு சொன்னேன். உங்க மானம் போகக்கூடாதுன்னு பொய் சொல்லிட்டு, ரெண்டு நாளா இதே கட்டில்ல அதை நினைச்சுக்கிட்டே கிடக்கறேன்.

— ரெண்டு நாளா தெரியுமா உனக்கு?

— இப்பக்கூட நாலு தடவை கதவைத் திறந்து விட்டேன். கடுதாசியைக் குடுத்தேன், எப்படி இருந்தார்னு கேட்டேன், கண்ணாடியைக் கேட்டேன், பேசினாரான்னு கேட்டேன். நீங்க இறங்கவே இல்ல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் குளிச்சு, சட்டைக்கு இஸ்திரி போட்டு, வேதத்தை எடுத்துக்கிட்டு ஒன்பதரைக்குக் கிளம்பறீங்க. பன்னெண்டு மணிக்கு வரீங்க. எங்க போறீங்க?

— டீச்சர்...

— உடம்பு படுத்துக் கிடந்தா மனசு படுத்துக்காது. அது எழுந்து தெருத் தெருவா ஓடும். இந்த ரெண்டு நாள்ல அது எந்தெந்த வீட்டுக் கதவைத் தட்டுச்சுன்னு சொன்னா எனக்கே அசிங்கமா இருக்கு. ஒண்ணும் பண்ண முடியாத ஒரு பொண்டாட்டி. ஒரு ஆம்பளை வாரத்துல ரெண்டரை மணி நேரம் வேற எங்கயாவது போனா அவரைக் குத்தம் சொல்லவும் முடியல என்னால. ஆனா வந்து என் பக்கத்துல உக்காந்து ஆண்டவர் பேரைச் சொல்லி... அதுதான் தாங்கல. இருங்க. மூச்சு.

— டைமர் அடிக்குது. படு.

— பதில் சொல்லுங்க.

— சொல்றேன். நீ படு முதல்ல. கண்ணுல துணியைப் போட்டுக்கோ. காலை நீட்டு. அரை மணி நேரம் நீ வாயைத் திறக்கக் கூடாது, நம்ம வீட்டுச் சட்டம். நீ போட்ட சட்டம்தான். நான் பேசறேன். பேசலாம்னா ஒரு விரல், வேண்டாம்னா ரெண்டு.

— ஒரு விரல் காட்டறே. சரி.

— வேற எந்த வீட்டுக்கும் போகல. முதல்ல அதைச் சொல்லிடறேன். சபைக்கு எதிர்ப்பக்கம் ஒரு பஸ் ஸ்டாப் இருக்குல்ல, தகரக் கூரை போட்டது, அங்கதான். அந்த பெஞ்சுலதான் ரெண்டரை மணி நேரம். பதினாறு மாசமா.

— ஏன் உள்ள போகலன்னு கேப்பே. அந்த நாளை நினைச்சுக்கோ. வெளியூர்ல இருந்து ஜெபம் பண்ண வந்த ஊழியக்காரர் உன் தலையில கை வெச்சாரு. எழுந்து நில் மகளேன்னாரு. நீ திரும்பி என்னைப் பாத்தே. ஞாபகம் இருக்கா? ஒரு விரல். உன் கண்ணு வேண்டாம்னு சொல்லுச்சு. எனக்குத் தெரிஞ்சுது. ஏற முடியாம ஸ்டாப்ல நிக்கறவங்க முகத்தை இருபது வருஷமா பஸ் கண்ணாடியில பாக்கற டிரைவர் நான், எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் உன் கையைப் பிடிச்சுத் தூக்கிவிட்டேன். எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க. எனக்கும் ஆசை டீச்சர். நீ பழையபடி எழுந்து நடக்கணும்னு அவ்வளவு ஆசை.

— நீ நின்னே, நடந்தே. சபையே கை தட்டுச்சு. அடுத்த வாரம் நான் மைக் முன்னாடி நின்னு சாட்சி சொன்னேன். என் மனைவிக்குப் பூரண சுகம், இனி ஒரு குறையும் இல்லன்னு. நீ பக்கத்துல நின்னு சிரிச்சே. உன் காலு நடுங்கினது என் தோள்ல தெரிஞ்சுது. அதுக்கும் மேல சத்தமா அல்லேலூயா சொன்னேன்.

— நான் சொன்ன சாட்சி பொய்யாகிடக் கூடாதுன்னு நீ அந்த வாரம் முழுக்க படி ஏறி இறங்கினே. போர்வையெல்லாம் துவைச்சே. சனிக்கிழமை வந்து பாத்தா குளியலறை வாசல்ல கிடக்கறே. கண்ணு திறந்திருக்கு, கை தூக்க முடியல.

— மறுநாள் நான் தனியாப் போனேன். வாசல்ல ஒருத்தர் கேட்டாரு, நல்ல மனுஷன்தான், கெட்ட எண்ணத்துல கேக்கல. சிஸ்டர் மறுபடி படுத்துட்டாங்களாமே, விசுவாசத்துல எங்கயோ ஓட்டை இருக்கும் பிரதர், கொஞ்சம் பாருங்கன்னாரு. பாத்தேன். ஓட்டை உன்கிட்ட இல்ல. உன்னைக் கையைப் பிடிச்சுத் தூக்கிவிட்டவன்கிட்ட இருந்துச்சு. அதோட எப்படி உள்ள போறது? அப்படியே ரோட்டைத் தாண்டிப் போய் பெஞ்சுல உக்காந்துட்டேன்.

— பாஸ்டர் ரெண்டு தடவை வீட்டுக்கு வந்தாரு. படியிலயே நின்னு திருப்பி அனுப்பிட்டேன். யாரும் பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்னு. டாக்டர் சொன்னது நிஜம்தான். ஆனா நான் அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன்.

— ரெண்டு விரல் காட்டறே. நிறுத்தட்டுமா? ஒரு விரலா, ரெண்டா? சரி, ஒண்ணு. சொல்லி முடிச்சிடறேன்.

— அன்னிக்கு வீட்டுக்கு வந்தா நீ இருட்டுல கிடக்கறே. சத்தம் வரல, உதட்டை மட்டும் அசைச்சுக் கேட்டே, பாஸ்டர் என்ன சொன்னார்னு. உலகத்துல உனக்குக் கேக்க இருந்தது அது ஒண்ணுதான். நான் உள்ளயே போகலன்னு எப்படிச் சொல்வேன்? சின்ன வயசுல ஞாயிறு பள்ளியில கேட்ட கதை ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. செடி நிழல்ல படுத்த தீர்க்கதரிசி. வாயில வந்தபடி சொன்னேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள நீ தூங்கிட்டே. எத்தனையோ நாளா தூக்கமே வராத ஆளு, நாலு மணி நேரம் தூங்கினே. நான் அசையாம உக்காந்திருந்தேன், கட்டில் ஆடினா நீ முழிச்சிடுவியோன்னு.

— அதுக்கப்புறம் வாரம் முழுக்க எனக்கு அதே வேலைதான். டிப்போ ஓய்வறையில வேதத்தை வெச்சுக்கிட்டு உக்காருவேன். கண்டக்டர் என்னை பிஷப்புன்னு கூப்பிடறான். சிக்னல்ல நிக்கும்போதெல்லாம் இந்த வாரம் இவளுக்கு எதைச் சொல்றதுன்னு யோசனை. எனக்குத் தெரிஞ்சது பஸ்ஸு, அதான் எல்லாத்துலயும் பஸ்ஸு வந்துச்சு. ஞாயித்துக்கிழமை அந்த பெஞ்சுல உக்காந்து கடைசியா ஒரு தடவை சொல்லிப் பாத்துக்குவேன். நம்ம டிப்போ வண்டிங்க வந்து நிக்கும், கதவைத் திறப்பானுங்க. கையைக் காட்டி அனுப்பிடுவேன்.

— பிரசங்கம் அங்க வரைக்கும் கேக்காது. பாட்டு மட்டும் கேக்கும். ஆல்ட்டோ வர்ற இடத்துல ஒரு பள்ளம் இருக்கு, நீ இல்லாத பள்ளம். மத்தவங்களுக்குத் தெரியாது, அதுமேலயே ஓட்டிட்டுப் போயிடறாங்க. நான் வாரா வாரம் அதுல விழுந்துட்டுத்தான் வீட்டுக்கு வரேன்.

— அழாதே. அழுதா ரெண்டு நாள் தலைவலி வரும், தெரியும்ல? சரி, நான் பேசல. டைமர் அடிக்கற வரைக்கும் கையை மட்டும் பிடிச்சுக்கறேன். பிடிச்சுக்கலாமா? ஒரு விரல்.

— அடிச்சிடுச்சு. துணியை எடுத்துடுங்க.

— தண்ணி குடிக்கறியா?

— குடுங்க. எனக்குக் கோபமா இருக்கு. கோபப்பட்டா பலம் போயிடும், அதனால சுருக்கமா கோபப்படறேன். பதினாறு மாசம் பொய் சொல்லியிருக்கீங்க.

— ஆமா.

— பாஸ்டரைப் படியில நிறுத்தித் திருப்பி அனுப்பினது தப்பு.

— தப்புதான்.

— ரெண்டு நாளா நான் உங்களைச் சந்தேகப்பட்டதுக்கும் நீங்கதான் காரணம்.

— சரி. அதையும் நானே ஏத்துக்கறேன்.

— அவ்வளவுதான் கோபம். முடிஞ்சுது. இப்ப ஒண்ணு கேக்கறேன், ஒழுங்கா பதில் சொல்லணும். நீங்க எனக்குச் சொன்னதையெல்லாம் நீங்க நம்பினீங்களா?

— என்ன கேள்வி டீச்சர் இது.

— கேள்விக்குப் பதில்.

— உனக்குச் சொல்லும்போது நம்பினேன். சத்தியமா நம்பினேன். ஆண்டவர் உன்னைத் திட்டல, உன் மேல அவருக்கு ஒரு கோபமும் இல்ல, உன்னைத் தூங்கவிடறாரு, ரொட்டி கொண்டு வராரு. இதையெல்லாம் உன் முகத்தைப் பாத்துச் சொல்லும்போது ஒரு சந்தேகமும் வரல எனக்கு. கதவைச் சாத்திட்டு அந்தப் பக்கம் போனா எனக்குன்னு ஒண்ணும் மிச்சம் இருக்காது. எல்லாம் உன்கிட்டயே இறக்கிட்டு வந்த மாதிரி. ஜெபம் பண்ணலாம்னு கண்ணை மூடினா உன் முகம்தான் வரும், வேண்டாம்னு பாக்கற அந்த முகம். என்னை அவர் திட்டமாட்டார்னு எனக்குச் சொல்ல யாரும் இல்ல.

— இத்தனை நாளா இதைத் தனியா வெச்சுக்கிட்டு வண்டி ஓட்டினீங்களா?

— ஓட்டினேன். வண்டி ஓடிச்சு. டீச்சர், இதுக்கு மேல நீ நாளைக்குப் போக வேண்டியதில்லையே. நீ பாக்க நினைச்ச பாஸ்டர் அங்க இல்ல. நீ நன்றி எழுதின பிரசங்கம் எதுவும் அங்க நடக்கல. கீபோர்டு அக்காவுக்கு நான் சொல்லிக்கறேன். நீ இங்கயே இரு, நான் எப்பவும் போல வந்து சொல்றேன். இனிமே பாஸ்டர் பேர் சொல்லாம, என் பேர்லயே சொல்றேன்.

— நான் போறேன்.

— எதுக்கு? புதன்கிழமை உடம்பு சுருண்டு விழும். செவ்வாயே விழும்.

— விழும். தெரியும். பதினஞ்சு நாள் படுக்கைன்னு வெச்சிருக்கேன், மாசம் கூட ஆகலாம். அதையும் சேத்துத்தான் யோசிச்சேன். சுகமாகணும்னு போகல. சுகமாகணும்னு ஆசை இல்லாம இல்ல, தினமும் கேக்கறேன், நாளைக்கும் கேப்பேன். ஆனா நான் சுகமாயிட்டேன்னு அந்த மைக்ல சொன்ன சாட்சி இன்னும் அங்கயே நிக்குது. அதை இறக்கி வைக்கணும். யாராவது கேட்டா சொல்லுவேன், சுகமாகல, ஆனா தனியாவும் இல்லன்னு. கேக்கலன்னா சும்மா உக்காந்துட்டு வந்துடுவேன்.

— என்னால உள்ள வர முடியாது. வாசல் வரைக்கும் உன்னைக் கூட்டிட்டு வரேன். அதுக்கு மேல காலு வராது.

— வர வேண்டாம். உங்க கையைப் பிடிச்சு யாரும் தூக்கிவிட மாட்டாங்க. நானும் மாட்டேன்.

— அப்ப நான் என்ன பண்றது?

— எப்பவும் போல அந்த பெஞ்சுல உக்காருங்க. நாப்பது நிமிஷத்துல நான் வெளிய வந்துடுவேன்.

— அங்கயே உனக்கு முடியாம, ஒண்ணும் காதுல வாங்காம நீ தூங்கிட்டா?

— தூங்கினா தூங்கிட்டுப் போறேன். வீட்டுக்கு வந்ததும் நீங்க படுத்துக்கோங்க, பாஸ்டர் என்ன சொன்னார்னு நான் சொல்றேன்.